ஒத்தணும், தேய்க்கக் கூடாது

இப்படி உக்காருங்க அக்கா. முதுகைச் சாச்சுக்கிடுங்க. கழுத்து மட்டும் லேசா மேல. ஆங், அம்புட்டுதான். உங்க மகளுக்கு முடிச்சாச்சு, பக்கத்து ரூம்ல போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கா. இனி அவளைப் பத்தி உங்களுக்குக் கவலை வேண்டாம். "எங்க அம்மாவை விட்டுறாதீங்க, நழுவி ஓடிருவாங்க, புடிச்சு உக்கார வைங்க"ன்னு என் உசுரை வாங்கிட்டா. அதான் புடிச்சுட்டேன். சாம்பாருக்கு உப்பைச் சமையக்காரரு பாத்துக்கிடுவாரு, நீங்க போய்க் கரண்டியைத் தூக்க வேண்டாம்.

முதல்ல இந்தத் தாளை வச்சு ஒரு ஒத்து. பயப்படாதீங்க, வெறும் தாள்தான். நீலமா இருந்துச்சுல்லா? இப்பம் பாருங்க, எண்ணெய்யைக் குடிச்சதும் அந்தப் பக்கம் தெரியுது, பஜ்ஜி மடிச்ச பேப்பர் கணக்கா. சிரிக்காதீங்க. விடியல்ல இருந்து அடுப்புக்கும் மேடைக்கும் ஓடுனா யாரு முகமும் இப்படித்தான். நீங்க என்ன செய்யுதீங்க தெரியுமா? முந்தானையை எடுத்துப் பரபரன்னு தேய்க்கீங்க. வந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தேய்க்கக் கூடாது அக்கா. ஒத்தணும். தேய்ச்சா எண்ணெய் இன்னும் கோவமா வரும். என் தொழிலே இந்த ரெண்டு வார்த்தைக்குள்ள அடக்கம்.

நான் அதிகமாப் பேசுத ஆளு இல்ல. நீங்க கேட்டதுனால சொல்லுதேன். "இந்தப் புழுக்கத்துல எம் மக முகம் வழியாம நிக்குமா"ன்னு கேட்டீங்கள்லா? என்னைப் பாத்துக் கேக்கலாமா அந்தக் கேள்வியை? சங்கரன்கோயில்ல இருந்து ராஜபாளையம் வரைக்கும் விசாரிச்சுப் பாருங்க. எண்ணெய் மூஞ்சியா, கூப்பிடு சங்கரவடிவைன்னுதான் சொல்லுவாவ. ஹோமத்துக்கு முன்னாடி உக்காந்த பொண்ணு, ரிசப்ஷன் முடியுத வரைக்கும் காலையில பூத்த பூ மாதிரி இருப்பா. அப்படி ஒரு கை எனக்கு.

அப்படிப்பட்ட கைக்காரி மகளுக்கு, கல்யாணத்தன்னைக்கு வேற ஒருத்தி வந்து மேக்கப் போட்டா. நம்புவீங்களா? கண்ணைத் தொறக்காதீங்க, இமையைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். தொறக்காம ஆச்சரியப்படுங்க.

எம் மக பேரு ஆவுடைநாயகி. நாயகின்னு கூப்பிடுவோம். ஒரே மக. கோயம்புத்தூர்ல வேலை பாக்கா. அவ முகம் இருக்கே, காலையில கழுவி விட்டா கொஞ்ச நேரத்துல மூக்கு மேல விளக்கேத்தலாம், அம்புட்டு எண்ணெய். எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தத் தோலு. எங்க வீட்டுல அவியளுக்கு, நாயகி அப்பாவுக்கு, காஞ்ச மூஞ்சி, வெள்ளையடிச்ச சுவரு மாதிரி. எனக்கோ நார்மல் ஸ்கின். நடுவுல இவ மட்டும் இப்படி.

இப்பம் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும். ஐஸ்தான், துணியில சுத்தி வச்சிருக்கேன். பொறவு லேசா ஒரு கிரீம். எண்ணெய் முகத்துக்கு எதுக்குக் கிரீம்னு எல்லாரும் கேப்பாவ. அதைப் போடாம விட்டா முகம், "ஐயோ காயுதே"ன்னு பதறி, தானே எண்ணெய்யை இறைக்க ஆரம்பிச்சிரும். கொஞ்சம் கொடுத்தா அடங்கி இருக்கும். பிள்ளைய மாதிரிதான்.

நான் தொழில் கத்தது எம் மக முகத்துலதான். ஒண்ணாப்பு படிக்கும்போது ஸ்கூல் ஆண்டு விழாவுல அவதான் பாரதமாதா. எனக்கு அப்பம் ஒண்ணும் தெரியாது. எண்ணெய் மின்னுதுன்னு அது மேலயே பவுடரைக் கொட்டிட்டேன். மேடையில லைட்டைப் போட்டானா, எண்ணெய்யும் பவுடரும் சேந்து இடியாப்ப மாவு கணக்காப் பிசைஞ்சுக்கிட்டு. பாரதமாதாவுக்குக் காய்ச்சலான்னு பெரிய டீச்சர் கேட்டாவ. அன்னைக்குத் தீர்மானம் பண்ணேன், இனி எம் மக முகம் ஒரு நாளும் ஒரு இடத்துலயும் வழியக் கூடாதுன்னு.

அதுல இருந்து அவ போற இடமெல்லாம் நானும் போவேன், கையில பவுடர் ஒத்துத பஃப்போட. ஆடித்தபசுக்குப் போனாலும் சரி, பிறந்தநாளானாலும் சரி, காலேஜ்ல பட்டம் வாங்கும்போதும் சரி. போட்டோக்காரன் "ரெடி"ம்பான், நான் "இரு தம்பி"ன்னு ஓடிப்போய் ஒரு ஒத்து ஒத்திட்டு வருவேன். அவன் என்ன, அவசரத்துல அமுக்கிருவான். எங்க வீட்டு ஆல்பத்தைப் பாத்தா உங்களுக்கே தெரியும். எல்லாப் போட்டோலயும் அவ நடுவுல நிப்பா, ஓரத்துல ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கும். வளையலை வச்சு எந்த வருசம்னு சொல்லிருவேன். ஒரு போட்டோலயும் அவ முகம் மின்னாது. அம்புட்டும் என் உழைப்பு.

உதட்டை அசைக்காதீங்க. ஆமான்னு சொல்லணும்னா கையைத் தூக்குங்க.

தை மாசம் நிச்சயம் ஆச்சு. வைகாசியில கல்யாணம். வைகாசி வெயிலு, எண்ணெய் முகம், ஹோமம். எனக்குப் பயமா? நானா? எனக்குக் குஷி அக்கா! இத்தனை வருசம் கத்ததெல்லாம் இந்த ஒரு நாளைக்குத்தானன்னு இருந்துச்சு. தினம் வீடியோ கால் போட்டு, "நெத்தியைக் காட்டுட்டி, வெளிச்சத்துக்குத் திரும்பு, மூக்கைக் கிட்டக் கொண்டா"ன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ஆபீசுல பத்துப் பேரு நடுவுல மூக்கைக் காட்டச் சொல்லுதியேன்னு கத்துவா. கத்தட்டும். மூக்கைக் காட்டாம எப்படி வைத்தியம் பாக்க?

சேலை எடுக்க ஊருக்கு வந்தா. நான் தோசை சுட்டுக்கிட்டு இருக்கேன். பின்னாடி வந்து நின்னு பையச் சொல்லுதா, "அம்மா, மேக்கப்புக்கு மதுரையில இருந்து ஒரு பொண்ணு வாரா. பேரு டெல்பின். சொல்லி வச்சுட்டேன்."

தோசை கருகுது. திருப்பத் தோணல எனக்கு.

"எதுக்குட்டி?"ன்னேன்.

"நீ மேடையில இருக்கணும்லாம்மா."

"மேடையிலதான் இருப்பேன். உன் பக்கத்துலயே நிப்பேன், பஃப்போட."

"அதைத்தாம்மா வேண்டாங்கேன்"னா. பொறவு சொல்லுதா, "சின்னப்பிள்ளையில இருந்து எல்லாப் போட்டோலயும் உன் கைதான் இருக்கு. என் கல்யாண ஆல்பத்துலயாவது உன் மூஞ்சி இருக்கட்டுமே."

பேச்சைப் பாத்தீங்களா அக்கா? என் மூஞ்சியை வச்சு அவ என்ன செய்யப் போறா? ஊரே என் கையைத்தான தேடி வருது! மூஞ்சியைப் பாத்தா கூப்பிடுதாவ? எங்க வீட்டுல அவிய பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "அவ ஆசைப்படுதா, விடேன் வடிவு"ன்னாவ. மக பக்கம் சாஞ்சதுக்கு ரெண்டு நாள் ரசம் மட்டும்தான் வச்சேன். மனுசன் அதையும் ரசிச்சுக் குடிச்சாவ, என்ன செய்ய?

இது பிரைமர், மேக்கப்புக்கு அடிப்பூச்சு. எல்லா இடத்துக்கும் வேண்டாம், நெத்தி, மூக்கு, தாடை, எங்க வழியுதோ அங்க மட்டும். மேல ஃபவுண்டேஷன், மெல்லிசா. ஒரேயடியா அப்புனா சீக்கிரம் கலைஞ்சிரும். ஈர ஸ்பாஞ்சை வச்சுத் தட்டித் தட்டி உள்ள அனுப்பணும். நல்லா இருக்கா? கையைத் தூக்குங்க. ஆங்.

எம் மக செஞ்சதைக் கூடப் பொறுத்துக்கிடலாம். ஊரு வாயை என்ன செய்ய? கடைத்தெருவுல பாக்கவளெல்லாம், "என்ன வடிவு, மகளுக்கு நீதான போடுத"ன்னு கேக்கா. எம் மகளே என்னை வேண்டாங்கான்னு சொல்ல முடியுமா? ஒரு யோசனை வந்துச்சு. வலது மணிக்கட்டுல ஒரு கட்டுப் போட்டுக்கிட்டேன், அந்த இழுபடுத துணி இருக்குல்லா, அது. கேட்டவள்ட்ட எல்லாம் கை சுளுக்கிட்டுன்னு சொல்லிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு வளைகாப்பு வேலை இருந்துச்சு, கட்டை அவுத்து வச்சுட்டுப் போய்ப் போட்டுட்டு வந்தேன். வெளிய வந்து மறுபடி கட்டிக்கிட்டேன். பொய்யின்னு சொல்லாதீங்க. தொழில்ல மானம் காப்பாத்திக்கிடணும்.

கல்யாணத்தன்னைக்கு அந்த டெல்பின் வந்தா. சின்னப் பொண்ணு. "ஆன்ட்டி"ன்னு காலைத் தொட்டுக் கும்பிட்டா. ரூமுக்குள்ள வர மாட்டேன்னு எம் மகளுக்குச் சத்தியம் செஞ்சு கொடுத்திருந்தேன், அதனால போகல. கதவுக்கு வெளிய ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து, சந்து வழியாப் பாத்தேன். சந்து வழியாப் பாக்க மாட்டேன்னு நான் சத்தியம் செய்யலையே.

பாக்கேன், பாக்கேன், குத்தம் கண்டுபிடிக்க ஒண்ணும் இல்ல. ஐஸ் வச்சா. கிரீம் மெல்லிசாத்தான் போட்டா. பஃப்பைத் தேய்க்காம அமுக்கி அமுக்கி எடுத்தா. ஃபிளாஷ் அடிச்சா சில பவுடர் திருநீறு பூசுன மாதிரி வெள்ளையாத் தெரியும், அதுக்காக முதல்லயே தன் போன்ல ஃபிளாஷைப் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாத்துக்கிட்டா. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! ஏதாவது ஒரு தப்பாவது செய்யக் கூடாதா அந்த மூதி?

முடிச்சுட்டு வெளிய வந்து, "ஆன்ட்டி, உக்காருங்க, உங்களுக்கும் போட்டு விடச் சொல்லிருக்கா நாயகி"ங்கா. "எனக்கு எதுக்கும்மா, எனக்கு நார்மல் ஸ்கின், ஒரு பவுடர் போதும்"னு சொல்லிட்டேன். வேற ஒருத்தி கை என் மூஞ்சியில படுததா?

மேடைக்கு ஏறும்போது எங்க வீட்டுல அவிய என் கைப்பையைச் சோதிச்சாவ. போலீஸ்காரங்க கணக்கா. பஃப்பை எடுத்துட்டாவ, டப்பாவை எடுத்துட்டாவ. "இன்னைக்கு நீ அம்மா மட்டும்தான் வடிவு"ன்னாவ. சரின்னு தலையை ஆட்டுனேன். நீலத் தாள் கட்டு ஒண்ணு கைக்கட்டுக்குள்ள இருந்தது அவியளுக்குத் தெரியாது.

ஆடாதீங்க அக்கா, நீங்க சிரிச்சா புருவம் கோணிரும்.

ஹோமம் வளத்தாச்சு. தீ அணைஞ்சிரும்னு ஐயரு ஃபேனை நிறுத்தச் சொல்லிட்டாரு. வைகாசி வெக்கை, புகை. எல்லாரும் மாப்பிள்ளையைப் பாக்காவ, நான் எம் மக மூக்கைப் பாக்கேன். அந்தப் பிள்ளை போட்டது அசையாமத்தான் நின்னுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா மூக்கு நுனியில ஒரு பொட்டு. கடுகத்தனை. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அது மின்னுது, மின்னுது, எனக்கு அங்க இருப்புக்கொள்ளல.

தாரை வார்க்க நேரம் ஆச்சு. உங்களுக்கும் இன்னைக்கு அந்த வேலை இருக்குல்லா. மாப்பிள்ளை கையில தேங்காய், அது மேல எம் மக கை, அது மேல எங்க வீட்டுல அவிய கை. நான் செம்புல இருந்து தண்ணி ஊத்தணும். ஐயரு மந்திரம் சொல்லுதாரு. வலது கையால ஊத்தணும், அதே கையில கட்டு. நான் குனியுதேன், எம் மக மூக்கு இந்தா, இம்புட்டுக் கிட்ட இருக்கு. விடுவேனா? தண்ணியை ஊத்திக்கிட்டே இடது கையால கட்டுக்குள்ள விரலை விட்டு ஒரே ஒரு தாளை உருவப் பாத்தேன்.

"அம்மா..."ன்னா, பல்லைக் கடிச்சுக்கிட்டு.

தண்ணி கட்டு மேல வழிஞ்சு, துணி நெகிழ்ந்து, தாளு அம்புட்டும் மொத்தமாச் சறுக்கிக் கீழ வந்துட்டு. தேங்காய் மேல நாலு, மாப்பிள்ளை உள்ளங்கையில ஏழெட்டு. ஐயரு மந்திரத்தை நிறுத்திட்டு, "இது என்னம்மா, உங்க பக்கத்துச் சம்பிரதாயமா?"ன்னு கேக்காரு. மாப்பிள்ளை நல்ல பையன், சாமி பிரசாதம் மாதிரி அத்தனையையும் கீழ விடாமப் புடிச்சுக்கிட்டு நிக்காரு. அவங்க அம்மா என் காதுக்கிட்ட வந்து, "சம்மந்தி, நாங்களும் நீலத்துல ஏதாவது வைக்கணுமா? முன்னாடியே சொல்லிருக்கலாம்லா"ன்னு கேக்காவ. எங்க வீட்டுல அவிய கண்ணை இறுக மூடிக்கிட்டாவ. கும்பிடுதாவளோ, என்னைப் பாக்கப் புடிக்காம மூடுனாவளோ.

நான் எம் மகளைப் பாத்தேன். செத்தேன் இன்னைக்குன்னு நினைச்சேன்.

அவ என்ன செஞ்சா தெரியுமா? அந்தக் குவியல்ல நனையாத தாளு ஒண்ணை இடது கையால பைய எடுத்தா. மாப்பிள்ளை கையில இருந்த வலது கையை எடுக்கல. அப்படியே என் பக்கம் சாஞ்சு, என் நெத்தியில வச்சு ஒத்துனா. மூக்குல ஒத்துனா. தாடையில ஒத்துனா. தேய்க்கல அக்கா. அமுக்கி, நிறுத்தி, எடுத்தா. நான் அவளுக்குச் செய்யுத மாதிரியே.

எடுத்துட்டு அந்தத் தாளை என் கண்ணுக்கு நேராத் தூக்கிக் காட்டுதா. அந்தப் பக்கம் எரியுத ஹோமத்தீ அதுக்குள்ள தெரியுது. "பாரும்மா, எம்புட்டு வழியுது உனக்கு! எங்கிருந்து வந்துச்சு எனக்கு இந்தத் தோலுன்னு இப்பம் தெரியுதா?"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கா. மேடைன்னு பாக்காம, மணப்பொண்ணுன்னு பாக்காம, விழுந்து விழுந்து சிரிக்கா.

நானும் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வேற. ஹோமப் புகைதான், வேற ஒண்ணும் இல்ல. முகம் வழிஞ்சதும் காலையில அடுப்படியில நின்ன சூடு. எனக்கு நார்மல் ஸ்கின்தான் அக்கா, எண்ணெய் எல்லாம் கிடையாது.

அதுக்குப் பொறவு தாலி கட்டுனாரு. அப்பம் எம் மக மூக்கு மின்னுச்சா இல்லையான்னு நீங்க கேட்டா, எனக்குத் தெரியாது. பாக்கல. அவ பிறந்ததுல இருந்து அன்னைக்குத்தான் அவ மூக்கைப் பாக்காம அவளைப் பாத்தேன். எம்புட்டு வளந்துட்டா! இவளையா இடுப்புல வச்சுப் பவுடர் போட்டேன்னு இருந்துச்சு எனக்கு.

இந்தா, கடைசியாப் பவுடர். நான் பாதியை விட்டுட்டுப் பேசிக்கிட்டே இருக்கேன்னு நினைச்சுராதீங்க, கை தன்பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. மூக்கோரம் கொஞ்சம். போதும். ஜாஸ்தி போட்டா வயசு தெரியும்.

இப்பம் என் மனத்தாங்கலைச் சொல்லுதேன், கேளுங்க. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. அன்னைக்கு நூத்துக்கணக்குல போட்டோ எடுத்தாவ. ஒண்ணு ஒண்ணும் அம்புட்டு அழகு. மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் நிக்கது, அம்மி மிதிக்கது, எல்லாம் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, கோயம்புத்தூர்ல அவ வீட்டு ஹால்ல எதை இம்புட்டுப் பெருசா மாட்டி வச்சிருக்கா தெரியுமா? அவ என்னை ஒத்துனாள்லா, அந்தப் போட்டோவை! போட்டோக்காரப் பாவி எப்படித்தான் புடிச்சானோ. நடுவுல என் மூஞ்சி. வாயெல்லாம் பல்லு, நெத்தியெல்லாம் எண்ணெய், மூக்கு பளபளன்னு மின்னுது. ஓரத்துல அவ கை, மருதாணியும் வளையலுமா, நீலத் தாளோட நீட்டிக்கிட்டு இருக்கு. கல்யாணப் பொண்ணு முகம் பாதிகூடத் தெரியல. மேக்கப் போடுதவ வீட்டு மானம் போகுதா இல்லையா? மாத்துட்டி, மாத்துட்டின்னு சொல்லுதேன். மாட்டவே மாட்டேங்கா. வாரவங்ககிட்ட எல்லாம் "எங்க அம்மா"ன்னு காட்டுதா.

நான் அங்க போனா அதுக்கு நேரா இருக்க சோபாவுலதான் உக்காருதேன். எந்தெந்த இடத்துல பவுடர் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எந்திரிக்கவே மனசு வராது. தொழில்ல அவ்வளவு அக்கறை எனக்கு.

முடிஞ்சிட்டு. கண்ணைத் தொறங்க. கண்ணாடியைப் பாருங்க. எப்படி இருக்கீங்க? உங்க மகளுக்கு அக்கான்னு சொல்லலாம்.

ஏ அக்கா! என்ன இது? அழுதீங்களா? இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்க! ஐயோ, முந்தானையைக் கீழ போடுங்க. தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க! ஒத்தணும்!

தாளா? என்ட்ட இல்லையே. உங்களுக்கு ஒத்துனது அந்த ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. இப்பமெல்லாம் நான் தாளை அம்மாமார் கையில கொடுக்கதே இல்ல. கட்டு முழுசையும் உங்க மக கையில கொடுத்துட்டேன். போங்க, அவகிட்டப் போய் முகத்தைக் காட்டுங்க.